தேயோன் அப்பா

அலெக்சாந்திரியா துறைமுகத்தில் அந்த நாளில் கோதுமை மூட்டை ஏற்றுகிறவர்கள் பாட்டுப் பாடித்தான் கயிறு இழுப்பார்கள். பாட்டு முழுக்க, பிதாவாகிய கடவுளையும் அவர் குமாரனையும் பற்றிய வேதச் சண்டை. "குமாரன் இல்லாத காலம் ஒன்று இருந்தது" என்று ஒரு கூட்டம் பாடும். "இருந்ததே இல்லை" என்று அடுத்த கூட்டம் பாடும். மூட்டை ஏறியதோ இல்லையோ, எல்லாருக்கும் தொண்டை வறண்டது.

ஹோரியோன் முதல் கூட்டத்துக்குத் தலைவர். ஐம்பத்தெட்டு வயது. வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிற மனிதர். குமாரனும் பிதாவால் படைக்கப்பட்டவர்தான், முதல் படைப்பு, அவ்வளவுதான் என்பது அவர் கட்சி. தகப்பனுக்கு முன்னால் பிள்ளை பிறக்குமா என்று கேட்டு எதிராளியின் வாயை அடைத்துவிடுவார்.

மாதம் ஒருமுறை, அரைநாள் நடந்து, பாலைவனத்தில் தனியாகத் தவம் இருந்த எராயிஸ் அம்மாவைப் பார்க்கப் போவார். அம்மா அவரைவிட இருபது வயது இளையவர். ஆனாலும் அவர்தான் ஹோரியோனுக்குக் குரு. பிள்ளை பெற்றவரைப் பிள்ளையின் பெயரோடு சேர்த்துக் கூப்பிடுவது அந்தப் பக்கத்து மரியாதை. அம்மாவும் "வாருங்கள், தேயோன் அப்பா" என்றுதான் வரவேற்பார். மூன்று பிள்ளைகளைப் பிரசவத்திலேயே பறிகொடுத்தபின் பிறந்தவன் தேயோன். அந்த அழைப்பைக் கேட்கும்போதெல்லாம் ஹோரியோனுக்கு மனசு குளிரும்.

இந்த முறை அவர் முகம் கடுகடுவென்று இருந்தது. வந்ததும் வராததுமாக எல்லாவற்றையும் கொட்டினார். தேயோன் எதிர்க்கூட்டத்தின் பாட்டைப் பாடிவிட்டானாம். அதுவும் அப்பாவின் கயிற்றைப் பிடித்துக்கொண்டே. அப்பனுக்கே பாடம் சொல்ல வந்துவிட்டாயா என்று கேட்டு, அத்தனை பேர் முன்னிலையிலும் இனி இவன் என் மகன் இல்லை என்று அறிவித்துவிட்டாராம். பையன் அங்கிருந்து நேராகத் துறைக்குப் போனான். நாளை விடிகாலை புறப்படுகிற கப்பலில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். கடல் தாண்டிப் போகிறவன் திரும்பி வருவான் என்பதற்கு என்ன உறுதி?

"நான் செய்தது சரிதானே, அம்மா? குமாரன் படைக்கப்பட்டவர்தானே?"

அம்மா ரொட்டிகளை வெயிலில் காயப் பரப்பிக்கொண்டிருந்தார். கையில் இருந்ததையும் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"உட்காருங்கள், ஹோரியோன்."

பதினோரு வருஷத்தில் அம்மா அவரைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. அவருக்குச் சுருக்கென்றது.

"ஏன் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறீர்கள்?"

"வேறு எப்படிக் கூப்பிட? மகன் இல்லை என்றீர்களே."

ஹோரியோன் தலையைக் குனிந்துகொண்டார். என் கதை கிடக்கட்டும், நான் கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள் என்றார்.

"குமாரன் இல்லாத காலம் ஒன்று இருந்தது என்கிறீர்கள். அந்தக் காலத்துக்குப் போய், அங்கே நின்று ஒரு ஜெபம் சொல்லுங்கள். கேட்கிறேன்."

இது என்ன பெரிய காரியம் என்று அவர் எழுந்து கைகளை விரித்தார். கண்களை மூடினார். மனசுக்குள் கடலை அகற்றினார், மண்ணை அகற்றினார், வானத்தையும் தேவதூதர்களையும் அகற்றினார். கடைசியாகக் குமாரனையும் அகற்றினார்.

"எங்கள்..." என்று தொடங்கினார்.

சின்ன வயதிலிருந்து தினமும் சொல்கிற ஜெபம். அடுத்த சொல் பிதாவே. அது நாக்கு நுனிவரை வந்து நின்றுவிட்டது. வல்லவரே என்று சொல்லிப் பார்த்தார். முன்பின் தெரியாதவர் வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல் இருந்தது. இன்னும் பின்னால் போனார். அதற்கும் பின்னால் போனார். எவ்வளவு தூரம் போனாலும் பிதா என்ற சொல் அவருக்கு முன்னால் அங்கே இருந்தது. அது தனியாக இல்லை; பிள்ளை இல்லாமல் பிதா ஏது?

கண்களைத் திறந்து, விரித்த கைகளைப் பார்த்தார். இருபத்தைந்து வருஷத்துக்கு முன், ஈரம் காயாத தேயோனை மருத்துவச்சி வைத்தது இந்தக் கைகளில்தான்.

"எனக்கு அப்படி ஒரு நாள் இருந்தது, அம்மா. அன்றைக்குத்தான் நான் அப்பா ஆனேன். ஆனால் பிதாவுக்கு, அவருக்கு..."

"அவருக்கு?"

ஹோரியோன் மணலில் மண்டியிட்டு, நெற்றி தரையில் பட வெகுநேரம் கிடந்தார். அம்மா அவரை எழுப்பவில்லை.

எழுந்தபோது உச்சி சாய்ந்து நிழல் நீளத் தொடங்கியிருந்தது.

"விடிந்தால் கப்பல் போய்விடும்" என்றார். "இல்லை என்று சொன்ன வாய் இது. எந்த முகத்தோடு அவன் முன்னால் போய் நிற்பேன்?"

அம்மா நன்றாகக் காய்ந்த ரொட்டிகளாகப் பார்த்துப் பொறுக்கி ஒரு துணியில் கட்டினார். கப்பலில் மாதக்கணக்கில் கெடாது என்று சொல்லி மூட்டையை அவர் கையில் கொடுத்தார்.

"சீக்கிரம் நடங்கள், தேயோன் அப்பா."