வெள்ளையாக விட்ட ஊர்

தமயந்தியிடம் பாடம் படித்தவர்கள் நிறையப் பேர். அவரைவிட வயதில் மூத்த மாணவர் ஒரே ஒருவர்தான். பூமிநாதன், பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். தலை நரைத்த பிறகு படிக்க வந்தார். தமயந்தி அவரை "அண்ணே" என்பார். அவர் தமயந்தியை "டீச்சரம்மா" என்பார்.

வெயிலையும் காற்றையும் அளந்து படம் போடுவதும், அளக்கிற வித்தையை ஊர்க்காரர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் தமயந்தியின் வேலை. ராமநாதபுரம் பக்கம் பொட்டல் பொட்டலாகக் கம்பம் நட்டு, எந்த ஊரில் எவ்வளவு வெயில் விழுகிறது, எவ்வளவு காற்று வீசுகிறது என்று அளந்து, மஞ்சளும் ஆரஞ்சுமாக நிறம் பூசிக் கொடுப்பார். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் எங்கே காற்றாலை, எங்கே சோலார் என்று முடிவு செய்வார்கள். நான் அவருக்கு ஜீப் ஓட்டினேன். அதனால் இதெல்லாம் என் கண்ணுக்கு முன்னால் நடந்தது. சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு மனுஷியை நான் பார்த்ததில்லை.

பூமிநாதனின் ஊர் கள்ளிக்குண்டு. அங்கே நிலத்தடித் தண்ணீர் பூராவும் உப்பு. பெண்கள் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கி, பக்கத்து ஊர் வரைக்கும் தள்ளிக்கொண்டு போய்த் தண்ணீர் எடுத்து வர வேண்டும். அது கிடைக்காத நாளில் உப்புத் தண்ணீரேதான். அந்த உப்பை எடுக்க ஒரு மிஷின் வரப்போகிறது, சோலாரில் ஓடும் என்று பேச்சு வந்தது. முதல் மிஷின் ஒரே ஊருக்குத்தான். தமயந்தியின் படத்தில் எந்த ஊர் மேலாக நிற்கிறதோ, அந்த ஊருக்கு.

"நம்ம ஊருக்குத்தான் வருது, பாத்துக்கிருங்க," என்று பூமிநாதன் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். கள்ளிக்குண்டில் அடிக்கிற வெயில் அப்படி. ஊர்க்காரர்களும் நம்பிவிட்டார்கள்.

கள்ளிக்குண்டு பொட்டலில் கம்பம் நட்ட அன்று தமயந்தி பூமிநாதனைப் பக்கத்தில் கூப்பிட்டார். மேலே காற்றை அளக்கும் கிண்ணங்கள் சுற்றின. கீழே, உள்ளங்கை அகலத்தில் இரண்டு சோலார் கண்ணாடிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

"அண்ணே, இதை தினமும் காலையில துடைங்க. அதைத் தொடவே தொடாதீங்க."

"ஏன் டீச்சரம்மா? ரெண்டும் ஒரே கண்ணாடிதானே?"

"ஒரே கண்ணாடிதான். துடைச்சது, சூரியன் என்ன குடுக்குதுன்னு சொல்லும். துடைக்காதது, தூசி எடுத்துக்கிட்டது போக நமக்கு என்ன கிடைக்குதுன்னு சொல்லும்."

"ரெண்டையும் துடைச்சா?"

"ரெண்டும் சூரியனைப் பத்தியே பேசும். ஊரைப் பத்திப் பேச ஆள் இருக்காது."

"புரிஞ்சுபோச்சு," என்றார் பூமிநாதன். சல்யூட் அடிக்காத குறை. கம்பத்தைச் சுற்றிய வேலியின் சாவியைத் தமயந்தி அவரிடமே கொடுத்தார்.

ஆடி வந்தது. எங்கள் பக்கத்து ஆடிக் காற்றைத் தெரியாதவர்களுக்குச் சொல்லி விளங்காது. வாயைத் திறந்தால் மண். சோற்றுத் தட்டை மூடிவைத்துக்கொண்டுதான் சாப்பிட வேண்டும். கள்ளிக்குண்டுக்கு மேற்கே மறைப்பே கிடையாது, கப்பி ரோட்டுத் தூசி நேரே ஊருக்குள் வரும்.

ஆடி பாதி போனபோது, ஆபீஸில் கம்பத்திலிருந்து வந்த கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்த தமயந்தி என்னைக் கூப்பிட்டார்.

"வண்டியை எடுங்க. கள்ளிக்குண்டுக்குப் போகணும்."

"என்ன மேடம், கம்பம் சாய்ஞ்சிருச்சா?"

"கம்பம் நல்லாத்தான் நிக்குது."

போய் இறங்கினோம். பூமிநாதன் ஓடி வந்தார். தமயந்தி கண்ணாடிகளைப் பார்த்தார். இரண்டும் பளபளவென்று இருந்தன. திரும்பி வந்து, அரை நாள் ஓடியிருந்த என் ஜீப்பின் முன்பக்கத்தில் ஒரு விரலை வைத்து இழுத்தார். விரலைப் பூமிநாதன் பக்கம் நீட்டினார். விரல் நுனியில் செம்மண் அப்பியிருந்தது.

பூமிநாதனின் முகம் தொங்கிப்போனது.

"நான்தான் துடைச்சேன், டீச்சரம்மா."

"எப்போலேர்ந்து?"

"ஆடி பொறந்து நாலஞ்சு நாள்லேர்ந்து. கம்பத்துல நம்பர் தெரியுது பாருங்க, அது தினமும் இறங்கிக்கிட்டே வந்துச்சு. பெத்த புள்ள பரிச்சையில பெயிலாகுறதைப் பக்கத்துலயே உக்காந்து பாக்குற மாதிரி இருந்துச்சு. தாங்க முடியல. ஒரு நாள் துடைச்சேன், நம்பர் ஏறிச்சு. அப்புறம் கையை நிறுத்த முடியல. என் ஊருக்கு நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சேன்."

"தெரியும் அண்ணே."

"இப்ப என்ன செய்யலாம்?"

"இந்த ஆடி போயிருச்சு. அடுத்த ஆடிதான்."

அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால்கூட அந்த மனுஷனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். திரும்பி வரும்போது எனக்கே மனசு கேட்கவில்லை.

ஐப்பசியில் படத்தை ஒப்படைக்கும் கூட்டம். ராமநாதபுரத்தில் ஒரு பெரிய ஹாலில் படத்தை விரித்து மாட்டினார்கள். அடேயப்பா, எவ்வளவு அழகு! ஊர் ஊராக மஞ்சள், இளம் ஆரஞ்சு, அடர்ந்த ஆரஞ்சு. நடுவில் ஒரு சின்ன இடம் மட்டும் வெறும் தாளாக, வெள்ளையாக இருந்தது.

"இது எந்த ஊர்? ஏன் விட்டிருக்கீங்க?" என்று கேட்டார் அதிகாரி.

"கள்ளிக்குண்டு சார். அந்த ஊர்த் தூசி எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது."

"ஏன் தெரியாது?"

தமயந்தி வாயைத் திறப்பதற்குள் பின்வரிசையில் பூமிநாதன் எழுந்துவிட்டார். விறைப்பாக நின்று, "தொடக் கூடாத கண்ணாடியை நான் தொட்டுட்டேன் சார்," என்றார்.

"அவருக்குச் சாவியைக் குடுத்துட்டு ஆடியில வந்து பாக்காம இருந்தது நான் சார்," என்றார் தமயந்தி. "பொறுப்பு என்னுது."

அதிகாரி நல்ல மனுஷர்தான். படத்தையும் பூமிநாதனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மேடம், பக்கத்துலதானே வேப்பங்குளம்? அந்த ஊர்த் தூசிக் கணக்கை எடுத்து இதுக்கும் போட்டுடுங்க. வெயில் இங்கதான் அதிகம். மிஷினைக் கள்ளிக்குண்டுக்கே குடுத்துடலாம். யாரு கேக்கப் போறா?"

ஹாலில் எல்லோரும் தமயந்தியையே பார்த்தார்கள். சொல்லிவிடுங்கள் தாயே, சரி என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்று உள்ளுக்குள் கெஞ்சினேன்.

"ஆடி கேக்கும் சார்," என்றார் தமயந்தி.

"புரியல."

"வேப்பங்குளம் கண்மாய்க் கரைக்குக் கீழே இருக்கு. தூசி கம்மி. அந்தக் கணக்கை நம்பிக் கள்ளிக்குண்டுல பேனலை வச்சா, ஆடியில மிஷின் நின்னுடும். தண்ணிக்கு ஊரே அலையுற மாசம் அது."

"இப்போ மிஷினை வேற ஊருக்குத்தான் குடுக்கணும். உங்களுக்குச் சம்மதமா?"

"சம்மதம் இல்ல சார். ஆனா தெரியாததைத் தெரியும்னு எழுத மாட்டேன்."

மிஷின் வேப்பங்குளத்துக்குப் போனது. கள்ளிக்குண்டை அடுத்த ஆடி முடிந்த பிறகு பார்ப்பதாகச் சொன்னார்கள்.

ஜீப்பில் திரும்பும்போது பூமிநாதன் பொங்கிவிட்டார்.

"தப்பு என்னுதுதான் டீச்சரம்மா, ஒத்துக்குறேன். என்னை நாலு பேரு முன்னால செருப்பால அடிச்சிருந்தாலும் வாங்கியிருப்பேன். ஆனா நீங்க ஒரு நிறத்தைப் பூசியிருந்தா எங்க பொம்பளைங்க வண்டி தள்ளுறது நின்னிருக்கும்."

தமயந்தி ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க நேர்மைக்கு என் ஊரா விலை? நீங்க ராமநாதபுரத்துல கேன் தண்ணி குடிக்கிறீங்க. என் வீட்டுக்காரி இன்னும் ஒரு வருசம் உப்பைக் குடிக்கணும். அவகிட்ட நான் போய் என்ன சொல்லட்டும், சொல்லுங்க?"

உண்மையைச் சொன்னால் எனக்கும் அன்றைக்கு அந்த அம்மாவின் மேல் கோபம்தான். படிச்சவங்களுக்கு எல்லாமே கணக்கு என்று நினைத்துக்கொண்டேன். பூமிநாதனை ஊரில் இறக்கிவிட்டபோது அவர் வழக்கமாகச் சொல்கிற "வரேன் டீச்சரம்மா"வைக்கூடச் சொல்லவில்லை.

அடுத்த வாரம் தமயந்தி ஒரு பெட்டியும் பாயுமாக ஜீப்பில் ஏறினார்.

"எங்க மேடம்?"

"கள்ளிக்குண்டு."

"எத்தனை நாளைக்கு?"

"அடுத்த ஆடி முடியட்டும்."

நான் விளையாட்டு என்று நினைத்தேன். சமுதாயக் கூடத்தின் பின்னால் இருந்த அறையில் பெட்டியை இறக்கி வைத்தபோதுதான் நிஜம் என்று உறைத்தது. செய்தி கேட்டுப் பூமிநாதனின் மனைவி நாகவள்ளி வந்தார். ஊர் வழக்கப்படி ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தவர், நீட்டத் தயங்கினார்.

"வேணாம் தாயி. இன்னிக்கு நல்ல தண்ணி கிடைக்கல. இதைக் குடிச்சுப் பழகாட்டி வயித்தைப் புரட்டும். உங்களுக்கு டவுன்லேர்ந்து கேன் வாங்கியாரச் சொல்றேன்."

தமயந்தி சொம்பை வாங்கினார். முகம் கோணியது. ஆனாலும் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுச் சொம்பைத் திருப்பிக் கொடுத்தார்.

"நாளைக்கு வண்டி தள்ளப் போகும்போது என்னையும் கூப்பிடுங்க அக்கா."

"நீங்களா? வண்டியா? நல்ல கூத்துதான்," என்று நாகவள்ளி சிரித்துவிட்டார்.

ஆனால் மறுநாள் போனார்கள். அதற்கு மறுநாளும் போனார்கள். கூட்டம், ஆபீஸ் என்று நான் ஜீப்பில் அழைத்துப் போகும் நாள் தவிர மற்ற நாளெல்லாம் அந்த அம்மா வண்டி தள்ளினார். உள்ளங்கை காய்த்துப்போனது. தலைமுடி சிக்குப் பிடித்தது. முதல் மாதம் வயிற்றுப்போக்கில் பாதியாக இளைத்துவிட்டார். நான் ஒரு தடவை திருட்டுத்தனமாக ஒரு கேன் தண்ணீரை ஜீப்பில் வைத்துக் கொண்டுபோனேன். சிரித்துக்கொண்டே அதை அப்படியே அங்கன்வாடிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார். கேனைக் காலியாகத் திருப்பி எடுத்து வந்த எனக்கு அழுகை வந்தது என்று சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

பூமிநாதன் முதலில் பக்கத்திலேயே வரவில்லை. எதிரே வந்தால் வேறு தெருவில் திரும்பிவிடுவார். பிறகு ஒருநாள் கம்பத்தடியில் வந்து நின்று, "சாவி யாருகிட்ட டீச்சரம்மா?" என்று தரையைப் பார்த்துக் கேட்டார். தமயந்தி இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்துக் கொடுத்தார்.

மறுபடியும் ஆடி வந்தது. துடைக்கக் கூடாத கண்ணாடியில் தூசி ஏறியது. நம்பர் இறங்கிக்கொண்டே போனது. பூமிநாதன் தினமும் காலையில் முதல் கண்ணாடியைத் துடைப்பார். பிறகு இரண்டாவது கண்ணாடிக்கு முன்னால், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பரேடில் நிற்கிறவர் மாதிரி விறைத்து நிற்பார். உதடு துடிக்கும். கை மட்டும் முன்னால் வராது. அவர் அப்படி நின்றதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

மிஷின் அந்த வருஷக் கடைசியில் வந்தது. தூசிக்கென்று கூடுதல் பேனல்களோடு வந்தது. ஆடியிலும் ஓடுகிறது. ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை. அந்த ஆடியிலேயே ஒரு காலையில் பூமிநாதன் ஒன்று கேட்டார், அதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. தமயந்தி குடங்களை வண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். இருமல் விடவில்லை. பூமிநாதன் வண்டியின் கைப்பிடியைப் பிடித்து நிறுத்தினார்.

"டீச்சரம்மா, கம்பத்துக் கணக்கு போன்லயே ஆபீஸுக்குப் போயிருதுல்ல?"

"போயிருது."

"கண்ணாடியைப் பாத்துக்க நான் இருக்கேன். இந்தத் தடவை தொட மாட்டேன்னு உங்களுக்கும் தெரியும்."

"தெரியும்."

"அன்னிக்கு ஜீப்புல என் வாயில வந்ததெல்லாம் பேசிட்டேன். அதை மனசுல வச்சுக்கிட்டுத்தான் இப்படி உடம்பைக் கெடுத்துக்குறீங்களா?"

"இல்ல அண்ணே. நீங்க கேட்டது நியாயம்."

"அப்ப இங்க உங்களுக்கு வேலையே இல்லியே. படத்துல ஒரு ஊரு வெள்ளையாத்தானே இருக்கு? இருந்துட்டுப் போகட்டும். அதுக்கு நீங்க ஏன் இந்தத் தண்ணியைக் குடிச்சுக்கிட்டு இங்க கெடக்கணும்?"

தமயந்தி முந்தானையால் முகத்து மண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"வெள்ளையா விட்டது நான்தானே, அண்ணே? நான் எந்த ஊரை வெள்ளையா விடுறேனோ, அந்த ஊர்த் தண்ணியைத்தான் குடிக்கணும். இல்லாட்டி வெள்ளையா விடுறது ரொம்பச் சுலபமாப் போயிரும்."