ஐந்து வேளை இடைவெளி

மகுதூம் கேட்ட கேள்வி சின்னது.

"தண்டை எப்ப பூட்டலாம் மேடம்?"

ஜெசிந்தா கொரைரா குனிந்து தண்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

"தண்ணி வரட்டும்."

தண்ணீரை இறைத்துவிட்ட டிரை டாக்கில் கப்பல் கட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தது. பதினோரு மாடி. உச்சியில் நீச்சல் குளம், அதன் பக்கத்தில் நடன மேடை. பட்டறை ஆட்கள் அதைக் கல்யாண மண்டபம் என்றுதான் சொன்னார்கள். மலாக்கா நீரிணையில் எங்கோ ஒரு பாறையில் ஏறி, அடித்தகடு கிழிந்து, புரொப்பெல்லரின் இதழ் மடங்கி, அதைச் சுழற்றும் தண்டு வளைந்து, நீரிணைக் கரையிலிருந்த அந்தத் துறைமுகத்துக்கு இழுத்து வரப்பட்டிருந்தது. கிழிந்த தகட்டை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்தாகிவிட்டது. இதழை நிமிர்த்தியாகிவிட்டது. மிச்சம் தண்டு.

புதுத் தண்டைக் கடைந்தவன் மகுதூம். காயல்பட்டினத்துக்காரன், ஐம்பதை நெருங்குகிறவன். பாதி ஆயுளை அந்தப் பட்டறையின் லேத்தில் கழித்தவன். கடைந்த தண்டுகளெல்லாம் கடலுக்குப் போயின. ஒன்றுகூடச் சுழன்று அவன் பார்த்ததில்லை. ஒரு நாள் அவனாகவே ஜெசிந்தாவிடம் போய், கப்பலுக்குள் வேலை கற்றுக்கொள்ள வேண்டும் என்றான்.

ஜெசிந்தா தூத்துக்குடிக்காரி. அவனைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள். தண்டுகளை நேர்கோட்டில் நிறுத்துகிற வேலையில் அந்தப் பட்டறையில் அவள் சொன்னதுதான் முடிவு.

"இந்த ஒரு தண்டு காக்கா. நீங்களே வைங்க, நீங்களே பூட்டுங்க. சரியா வந்தா இனி கப்பலு. வரலன்னா லேத்து" என்றாள். காக்கா என்றால் அவன் ஊரில் அண்ணன்.

முதல் நாள் அவள் பலதும் சொன்னாள். அவன் தலையாட்டினான். கை பரபரத்துக்கொண்டிருந்தது.

கப்பலின் அடியில், பின்புறத்தில், ஆள் குனிந்து போகிற ஒரு நீண்ட அறை. இன்ஜினிலிருந்து ஒரு தண்டு வருகிறது. புரொப்பெல்லரிலிருந்து ஒரு தண்டு வருகிறது. பெரிய தாம்பாளம்போல இரண்டுக்கும் தட்டையான முகம். இரண்டும் எதிரெதிரே பார்த்துக்கொண்டு நிற்கின்றன. நடுவில் ஒரு சிறு இடைவெளி. அது சுற்றிலும் ஒரே அளவாக இருந்தால் தண்டு நேர். போல்ட் போட்டு இரண்டையும் ஒன்றாக்கிவிடலாம். பிசகி இருக்கும்போது பூட்டினால் நடுக்கடலில் தண்டைத் தாங்குகிற பேரிங் எரியும். கப்பல் அசையாமல் நிற்கும், இரண்டாயிரம் பேரைச் சுமந்துகொண்டு.

டாக்கில் மகுதூம் வைத்த இடைவெளி மேலும் கீழும் ஒன்று, இடமும் வலமும் ஒன்று. இடைவெளியில் செருகிப் பார்க்கும் மெல்லிய அளவுத் தகடு எங்கும் ஒரே இறுக்கத்தில் போய் வந்தது.

கூட வேலை பார்க்கும் சோணைமுத்து விளக்கைப் பிடித்துக்கொண்டு பார்த்தான்.

"முடியளவு வித்தியாசம் இல்ல பாய். பூட்டிட்டுப் பிரியாணிக்குப் போவோம்."

"மேடம் தண்ணி வரட்டுங்காங்க."

"தண்ணி வந்தா தண்டு கரைஞ்சா போயிரும்?"

மகுதூமுக்கும் அப்படித்தான் தோன்றியது.

டாக்குக்குள் தண்ணீர் விட்டார்கள். கப்பல் கட்டைகளை விட்டு எழுந்தது. இழுவைப் படகுகள் அதை வெளியே கொண்டுவந்து துறைமேடையில் கட்டின. மறுநாள் காலை மகுதூம் கீழே இறங்கி அளந்தான். மேல் பக்கம் இடைவெளி கூடியிருந்தது.

அளவுத் தகட்டைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்தான். கூடித்தான் இருந்தது.

"கட்டமேல உக்காந்திருக்க கப்பலு வேற, மிதக்க கப்பலு வேற. திருத்துங்க" என்றாள் ஜெசிந்தா.

திருத்தினான். பேரிங்குக்கு அடியில் இருந்த திருகாணிகளை இம்மி இம்மியாக ஏற்றினான். சூரியன் உச்சிக்கு வரும்போது இடைவெளி சுற்றிலும் ஒன்றாகிவிட்டது. கப்பல் கம்பெனியின் இன்ஜினீயர், வெள்ளைக்காரர், குனிந்து பார்த்துவிட்டுக் கட்டைவிரலை உயர்த்தினார். பூட்டு என்று சைகை காட்டினார்.

மகுதூம் துறைமேடைக்கு ஓடிவந்தான். ஜெசிந்தா ஒரு கொள்கலனின் நிழலில் நின்றிருந்தாள்.

"சரியா வந்துட்டு மேடம். பூட்டிரட்டா?"

"லுஹர் தொழுதாச்சா?"

"இனிதான்."

"தொழுதுட்டு வந்து இன்னொரு தடவ பாருங்க. அப்பவும் பூட்டணும்னு தோணுச்சின்னா பூட்டுங்க."

தொழுதுவிட்டு வந்து பார்த்தான். பிசகியிருந்தது.

திருத்தினான். பிற்பகலில் அஸர் தொழுதுவிட்டு வந்தான். பிசகியிருந்தது. திருத்தினான். சூரியன் இறங்கி மஃரிபு முடிந்து வந்தபோது, இந்தத் தடவை மறுபக்கமாகப் பிசகியிருந்தது. அதையும் திருத்தினான்.

"இது தண்டா, ஒங்க மச்சினனா பாய்? சொன்ன பேச்சே கேக்க மாட்டேங்குதே" என்றான் சோணைமுத்து.

மகுதூம் சிரிக்கவில்லை. அவன் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். லேத்தின் தரை நகராது. இரும்பு அவன் சொன்ன இடத்தில் நின்றது. இவ்வளவு காலம் அந்த இரும்புதான் நல்ல இரும்பாக இருந்ததோ, தன் கை ஒன்றும் இல்லையோ என்று நினைத்தான்.

சாமான்களைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு ஜெசிந்தாவிடம் போனான்.

"நான் லேத்துக்கே போயிருதேன் மேடம். கை போயிட்டு."

"போங்க" என்றாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அவன் நின்றான். தடுப்பாள் என்று எதிர்பார்த்திருந்தான்.

"போறதுக்கு முன்னாடி ஒரு வேலை. அஞ்சு வேளைக்கும், ஒவ்வொரு தடவ தொழுதுட்டும் கீழ போங்க. அளங்க. எவ்வளவு பிசகியிருக்கோ அவ்வளவுக்குச் சுண்ணக்கட்டியால பேரிங் மேடையில ஒரு கோடு இழுங்க. திருகாணிய மட்டும் தொடாதிய."

"கோணி இருந்தா?"

"கோடு போடுங்க."

"ரொம்பக் கோணி இருந்தா?"

"நீளமா போடுங்க."

"அந்த வெள்ளக்காரன் கத்துவானே."

"அவன் கத்துறத நான் கேட்டுக்கிடுதேன். எனக்குச் சம்பளமே அதுக்குத்தான்."

அன்று இரவு இஷா தொழுதுவிட்டு முதல் கோட்டை இழுத்தான். விடியுமுன் சுபுஹு தொழுதுவிட்டு இரண்டாவது. இரண்டுக்கும் அதிக வித்தியாசம் இல்லை.

அளப்பது எளிது. தொடாமல் இருப்பதுதான் கடினமாக இருந்தது. பிசகு கண்ணுக்கு நேரே நிற்கிறது. சாவி பக்கத்திலேயே கிடக்கிறது. கால் திருகு திருகினால் போதும். மகுதூம் கைகளை அக்குளுக்குள் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"வயித்து வலியா பாய்?"

"பேசாம இருப்பா."

உச்சி வேளையில் வெள்ளைக்காரர் வந்தார். ஏன் எல்லோரும் சும்மா உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். மகுதூமுக்கு அந்தக் கேள்வி புரிந்தது. மேலே கையைக் காட்டினான். அவர் காலைத் தரையில் உதைத்துக்கொண்டு ஜெசிந்தாவைத் தேடிப் போனார்.

கீழே மூச்சு முட்டியது. அன்றைக்கு லுஹரைத் துறைமேடையில் தொழாமல், மகுதூம் ஏணி ஏணியாக ஏறி மேல்தளத்துக்குப் போனான். அந்தக் கப்பலின் உச்சிக்கு அவன் போவது அதுதான் முதல் தடவை. நீச்சல் குளத்தில் தண்ணீர் இல்லை. நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டப்பட்டிருந்தன. ஒரு ஓரமாகப் பாயை விரித்தான். நெற்றியைத் தரையில் வைத்தபோது, பாயையும் தாண்டித் தகடு சுட்டது. அடுத்த தடவை குனிந்தபோது இன்னும் சுட்டது. தொழுது முடித்தபோது நெற்றி காந்தியது.

கீழே இறங்கினான். அடித்தளத்துக்கு வந்து, குனிந்து நுழையும்போது தடுமாறி, பக்கத்துச் சுவரில் கையை ஊன்றினான். தகடு சில்லென்றிருந்தது. அந்தப் பக்கம் கடல்.

கையை எடுக்காமல் அப்படியே நின்றான். நெற்றி இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"என்ன பாய், சுவத்தப் பிடிச்சிட்டு நிக்கீக? மயக்கமா?"

மகுதூம் அளவுத் தகட்டை எடுத்தான். அளந்தான். நேற்று இரவுக் கோட்டைப்போல் இரண்டு பங்கு நீளத்துக்கு ஒரு கோடு இழுத்தான். பிறகு மேலே ஏறி, துறைமேடைக்கு வந்து, ஜெசிந்தாவுக்கு எதிரே மூச்சு வாங்க நின்றான்.

"மேல சுடுது மேடம். கீழ குளிருது."

"ம்."

"மேல் தகடு விரியுது. அடித்தகடு விரியல. கப்பல் வளையுது. வில்லு மாதிரி."

"ம்."

"என் தண்டு சும்மாதான் கெடக்கு. நான் நேத்து பூரா வெயிலத் திருத்திக்கிட்டு இருந்திருக்கேன்."

ஜெசிந்தா இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

"இது ஒங்களுக்குத் தெரியும்" என்றான் மகுதூம்.

"தெரியும்."

"சொல்லியிருக்கலாம்லா?"

"முத நாளே சொன்னேன். நல்லா தலையாட்டினிய."

அவன் யோசித்துப் பார்த்தான். சொல்லியிருக்கிறாள். வெயில் ஏறினா கப்பல் வளையும் காக்கா என்ற அதே வார்த்தைகள். காதில் விழுந்ததும், தலை ஆடியதும் நினைவில் இருந்தன. மகுதூமுக்குச் சிரிப்பு வந்தது. நேற்றிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தான்.

"இப்ப போயித் திருத்திரட்டா?"

"இன்னும் எத்தன வேளை இருக்கு?"

அவன் திரும்பிக் கீழே போனான்.

அஸர் கோடு எல்லாவற்றையும்விட நீளம். மஃரிபு கோடு குறைந்தது. அது ஐந்தாவது. வேலை அதோடு முடிந்துவிட்டது. ஆனாலும் இஷா முடிந்து மகுதூம் மறுபடி இறங்கினான். அளந்து ஒரு கோடு போட்டான். நேற்று இரவு போட்ட முதல் கோட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். இரண்டும் ஒரே நீளம்.

யாரும் எதையும் தொடவில்லை. போனது, வந்தது.

சோணைமுத்து இரண்டு கோடுகளையும் பார்த்தான். விளக்கை இன்னும் கிட்டே கொண்டுபோனான்.

விடியற்காலை சுபுஹு தொழுத கையோடு மகுதூம் சாவியை எடுத்தான். ஓர் இரவு முழுக்க ஆறிய கப்பல் அடியிலிருந்து உச்சிவரை ஒரே குளிர்ச்சியாக இருந்தது. திருகாணியைத் தொட்டான். அவசரப்படவில்லை. அளவுத் தகட்டைச் செருகினான், மேல், கீழ், இடம், வலம். தகடு எங்கும் ஒரே இறுக்கத்தில் போய் வந்தது.

ஜெசிந்தா வந்தாள். கையில் நூல் கட்டிய பிளாஸ்டிக் பையில் காப்பி, அதில் ஒரு உறிஞ்சுகுழல். ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்துகொண்டாள்.

"நீங்க ஒரு தடவ அளந்து பாக்கலியா மேடம்?"

"நீங்க பாத்தியளா?"

"பாத்தேன்."

"பொறவு என்ன?"

சோணைமுத்து முதல் போல்ட்டைத் துளையில் செருகினான். மகுதூம் சாவியை மாட்டினான். மாட்டிவிட்டு நின்றுவிட்டான்.

"மத்தியானம் இது மறுபடி கோணுமே."

"கோணும்."

"நாளைக்கும்."

"நாளைக்கும்தான். அலை வேற இருக்கு. ரெண்டாயிரம் பேரு ஏறுவாங்க. எண்ணெய் நிரப்புவாங்க. இன்ஜின் சூடாகும்."

"பேரிங் தாங்குமா?"

"இவ்வளவு தூரம் போயி வாரதுக்கு அதுக்குள்ள எடம் விட்டிருக்கு. தாங்கும்."

"கோணாம வைக்க வழியே இல்லியா மேடம்?"

"இருக்கே. டாக்குக்கே இழுத்துட்டுப் போயி கட்டமேல உக்கார வச்சிரலாம்."

சோணைமுத்து சிரித்தான். மகுதூமும் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. சாவியின் பிடியை விடாமல் கேட்டான்.

"அப்ப, முடியளவு பிசகாம நான் இதை வச்சதுக்கு என்ன பிரயோசனம்?"

ஜெசிந்தா காப்பியை உறிஞ்சி முடித்தாள். காலிப் பையை மடித்து, நூலால் சுற்றினாள்.

"நாள் பூரா வளைஞ்சிட்டுத் திரும்பி வர, அதுக்குன்னு ஒரு எடம் வேணும்லா காக்கா. பூட்டுங்க."