வருஷம் முழுக்கப் போகி

குன்றை நாட்டு அரசன் வல்லபராயனுக்கு இருமல் வந்தது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

ஊர் அடுப்புப் புகைதான் காரணம் என்றார் அரண்மனை வைத்தியர். சபையில் தனாதிகாரி வேங்கடப்பர் துள்ளி எழுந்தார். கஜானாவைக் காப்பவர் அவர். கஜானாவில் காப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை என்பது வேறு விஷயம்.

"அரசே, ஒரு புகைக்கு நாளொன்றுக்கு ஒரு காசு வரி போடுவோம். காசுக்குப் பயந்து புகை குறையும். இருமலும் போகும், கஜானாவும் நிறையும்!"

புகை குறைந்தால் கஜானா எப்படி நிறையும் என்று அந்தச் சபையில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்கக்கூடிய ஒரே ஆள் விகடகவி ஏகாம்பரம். அவன் அன்றைக்கு மாமியார் வீட்டுக்குப் போயிருந்தான்.

மார்கழி கடைசி நாள் காலையில் தனாதிகாரி கோட்டை மதில்மேல் ஏறி, தாமே புகையை எண்ணினார். பன்னிரண்டாயிரம்! அதை வருஷத்து நாட்களால் பெருக்கினார். வந்த தொகையைப் பார்த்து அவருக்கே மூச்சு வாங்கியது. மதிப்பீட்டு ஓலையை வணிகர்களிடம் காட்டி, அந்தத் தொகை முழுவதையும் கடனாக வாங்கிவிட்டார். அந்தப் பணத்தில் அரசனுக்குப் புகை எட்டாத உயரத்தில் ஏழு நிலை மாளிகை எழும்பத் தொடங்கியது.

ஆறு மாதம் போயிற்று. ஊரில் இருந்ததே நாலாயிரம் வீடு. வரிக்குப் பயந்து இரண்டிரண்டு வீட்டுக்காரர்களாகச் சேர்ந்து ஓர் அடுப்பில் சமைத்தார்கள். வண்ணான் வெள்ளாவிக்குக் கூலி ஏற்றினான், குயவன் பானைக்கு விலை ஏற்றினான், ஒரு காசு ஆப்பம் இரண்டு காசானது. அரசனின் இருமல் நின்றே போனது. ஆனால் மாளிகை மூன்றாம் நிலையோடு நின்றது, வணிகர்கள் வாசலில் வந்து நின்றார்கள்.

"ஜனங்கள் புகையை ஒளிக்கிறார்கள்" என்றார் தனாதிகாரி. "மதிப்பீட்டில் உள்ளபடி வீட்டுக்கு மூன்று புகை. விட்டாலும் விடாவிட்டாலும் காசு வந்தாக வேண்டும். தராதவன் அடுப்பை இடியுங்கள்!"

முதலில் மாட்டியவள் ஆப்பக்கடை கன்னியம்மா. புருஷன் இல்லை, மூன்று பெண்பிள்ளைகள், ஓர் அடுப்பு. அவளைச் சபைக்கு இழுத்து வந்தார்கள்.

"சாமி, ஒரே அடுப்புங்க. ஆறு மாசமா தெனம் ஒரு காசு தவறாம கட்டிட்டு வரேன். இப்ப முன்னூத்தி அறுபது காசு பாக்கின்றாங்க. பொழுது சாயறதுக்குள்ள கட்டலேன்னா அடுப்ப இடிச்சுடுவாங்களாம். இடிச்சா எம்புள்ளைங்க வாயில மண்ணுதாங்க!"

அவள் அழவில்லை. கோபத்தில் உதடு துடித்தது. ஏகாம்பரம் முகத்தில் பால் வடிய எழுந்து நின்றான்.

"ஏம்மா, மார்கழி கடைசி நாள் உன் வீட்டில் எத்தனை புகை?"

"அன்னிக்கு போகி இல்லீங்களா? வாசல்ல பழைய பாயக் கொளுத்தினோம், கொல்லையில ஓலக் குப்பையக் கொளுத்தினோம். அடுப்பு ஒண்ணு. மூணுங்க."

சபையில் இரண்டு பேர் கனைத்தார்கள். தனாதிகாரி அசையவில்லை.

"நாளில் என்ன இருக்கிறது? ஒரு நாளை எண்ணி வருஷத்தைச் சொல்வதுதான் மதிப்பீட்டுக் கலை. இவர்களுக்கு எங்கே புரியப்போகிறது?"

அரசன் வாசலில் நின்ற வணிகர்களை ஓரக்கண்ணால் பார்த்தான். "மதிப்பீடு மதிப்பீடுதான். ஒப்புக்கொண்டாயிற்று" என்றான்.

"ரொம்பச் சரி, அரசே" என்றான் ஏகாம்பரம். "இவ்வளவு சுலபமான கலை என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. நானும் ஒரு மதிப்பீடு போட்டிருக்கிறேன். அரண்மனைச் செலவைக் குறைத்துக் கடனை அடைக்க வழி இருக்கிறது. சொல்லட்டுமா?"

"சொல், சொல்!"

"அதிகாரிகளுக்குத் தினமும் அரண்மனை மடைப்பள்ளியிலிருந்து சோறு போகிறதல்லவா? யாருக்கு எவ்வளவு என்று ஒரு நாள் முழுக்க அங்கேயே உட்கார்ந்து எண்ணினேன். தனாதிகாரியாருக்குப் போன சோறு, ஒரு பருக்கை இல்லை. குழம்பு இல்லை. நெய் இல்லை. வருஷத்து நாட்களால் பெருக்கினேன், அப்போதும் ஒன்றும் இல்லை. ஆகவே இன்று முதல் அவருக்குச் சோறு அனுப்ப வேண்டாம்."

தனாதிகாரியின் தொந்தி குலுங்கியது. "எந்த நாள் எண்ணினாய்?"

"போன ஏகாதசி."

"அடப்பாவி! ஏகாதசிக்கு நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேனே! வருஷம் முழுக்கவா ஏகாதசி?"

"வருஷம் முழுக்கவா போகி, தனாதிகாரியாரே?"

சபை கொல்லென்று சிரித்தது. அரசன் சிரித்த சிரிப்பில் நின்றுபோன இருமல் திரும்பி வந்துவிட்டது.

சிரித்து முடித்ததும் அவனுக்கு வெட்கமாக இருந்தது. பாக்கியைத் தள்ளினான். வீட்டில் எரிகிற அடுப்பை மட்டும் எண்ணச் சொன்னான். மூன்று நிலை மாளிகையை வணிகர்களுக்கே கிடங்காகக் கொடுத்துக் கடனில் கழித்தான். மீதிக் கடன் தீரும்வரை தனாதிகாரிக்கு ஏகாம்பரத்தின் மதிப்பீட்டின்படியே சாப்பாடு என்றான். வேங்கடப்பர் அன்று முதல் சொந்தக் காசில் ஆப்பம் வாங்கித் தின்றார், இரண்டு காசு விலையில்.

கன்னியம்மா கும்பிட்டுவிட்டு அடுப்பு மூட்ட ஓடினாள்.

"ஏகாம்பரம், உனக்கு ஆயிரம் பொன் பரிசு!" என்றான் அரசன்.

ஏகாம்பரம் கையை நீட்டவில்லை. பணிவாகக் கேட்டான்:

"கஜானாவில் இருக்கிற பொன்னா அரசே, மதிப்பீட்டில் இருக்கிற பொன்னா?"

அரசன் கஜானா பக்கம் பார்த்தான். பிறகு விரலில் இருந்த மோதிரத்தைக் கழற்றினான்.