ஒரே ஒரு சிவப்புப் பந்து

செங்கமலத்தின் கெட்டிக்காரத்தனத்தை நான் மாற்றிச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

எஸ்டேட் கிளப்பில் பெருக்கித் துடைப்பவள் அவள். அங்கிருந்த பழைய பில்லியர்ட்ஸ் வீடியோ கேம் பெட்டியில் அவள் ஆடியதைச் செயலாளர் தாமோதரன் பார்த்துவிட்டார். அதன் திரையில் எந்நேரமும் அவர் பெயரும் ஸ்கோரும்தான் முதலிடத்தில் மின்னும்.

“என் ஸ்கோரைத் தாண்டு. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே” என்றார், எல்லோர் முன்னாலும்.

“சரிங்கய்யா. தொடச்சிட்டு ஆடுறேன்” என்று பிளக்கைப் பிடுங்கித் துடைத்து மாட்டினாள். திரையில் அவர் பெயரும் ஸ்கோரும் அழிந்து வெறும் பூஜ்யம்.

“என்னடி பண்ணினே?”

“பிளக்கைப் பிடுங்காமத் தொடச்சா ஷாக் அடிக்கும்னு காலைல நீங்கதானே சொன்னீங்க? இப்ப தாண்ட ஒண்ணுமில்லீங்களே. ஒரு ஆட்டம் ஆடி வைங்கய்யா.”

ஆடினார். விழக்கூடாத வெள்ளைப் பந்துதான் திரும்பத் திரும்பக் குழியில் விழுந்தது. ஸ்கோர் ஏறவே இல்லை.

“அப்ப பழைய ஸ்கோர் யாருதுய்யா?” என்று ஒரு மெம்பர் சிரித்தார்.

“மருமகன் லீவுக்கு வந்தப்போ...” என்று இழுத்தார் தாமோதரன்.

செங்கமலம் ஒரே ஒரு சிவப்புப் பந்தைக் குழியில் தள்ளி, தலைநிமிர்ந்து நின்றாள். ஜெயித்தவர் பெயரைப் பெட்டி கேட்டது. வேலை தங்க வேண்டுமே. அவள் விலகி வழிவிட்டாள்.

“உங்க பேரையே போட்டுக்குங்கய்யா.”