அக்கரைச் செப்பு வில்லை

ரொம்பக் காலத்துக்கு முன்னாடி, கல்லாற்றுக்கு இந்தக் கரையில் குறிஞ்சிக்கோட்டை நாட்டைக் கடம்பத்தேவன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். ஆள் கெட்டவன் இல்லை. ஆனால் கடைசியாக யார் காதில் ஓதினார்களோ, அவர்கள் சொன்னதுதான் அவனுக்குச் சட்டம். கடைசியாக ஓதுகிறவர் எப்போதும் தளபதி மாறப்பர்தான். நாடு விளங்குமா?

ஆற்றின் இரண்டு பக்கமும் காடு, காடு முழுக்க வழிப்பறிக்காரர்கள். அதனால் வியாபாரிகள் மடியில் கத்தியை மறைத்து எடுத்துப்போக, ஆளை நன்றாக விசாரித்து ராஜா முத்திரை குத்திய செப்பு வில்லை கொடுப்பான். வில்லை இல்லாமல் கத்தியை ஒளித்து வைத்தால் வலது கையை வெட்டிவிடுவார்கள். அக்கரையில் முல்லைக்கரை நாட்டிலும் இதே வழக்கம்தான். அங்கே ஆட்சி செய்தவர் நம் ராஜாவின் மாமனார். அவர் சீர்வரிசையாக அனுப்பிய குதிரை ஒருநாள் நொண்டியது. அந்தக் கோபம் ஆறுவதற்குள் மாறப்பர் ஓதிவிட்டார்: "அந்த நாட்டு வில்லை இனி இங்கே செல்லாதுன்னு சொல்லிடுங்க மகாராஜா!" ராஜாவும் அப்படியே சொல்லிவிட்டான்.

நொண்டிய குதிரை எங்கே, மனுஷன் உயிர் எங்கே! அப்படித்தான் அக்கரை மிளகு வியாபாரி பூவாயி மாட்டினாள். ஆற்றங்கரைச் சாவடிக் காவலர்கள் அவள் மடியில் கத்தியைக் கண்டுபிடித்து அரசவைக்கு இழுத்துவந்தார்கள். அவள் நாட்டு வில்லையும் கூடவே இருந்தது.

"இது இங்கே செல்லாதுன்னு தெரியாதா?" என்றான் ராஜா.

"தெரியும் சாமி."

"தெரிஞ்சுமா கொண்டுவந்தே?"

அவள் அந்தக் கத்தியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இவகிட்ட என்ன பேச்சு?" என்றார் மாறப்பர். "ஆத்தைத் தாண்டினா அது வெறும் செம்பு. காலையில கையை வெட்டிடலாம்."

மந்திரி சோலையப்பர் மெதுவாக எழுந்தார். "அக்கரை முத்திரை எதுவுமே இங்கே செல்லாதா மகாராஜா?"

"எதுவுமே செல்லாது. இது என் ஆணை!"

"உத்தரவு" என்று கும்பிட்டுவிட்டு மந்திரி வெளியே போய்விட்டார்.

விடிந்தது. அவையில் மரக்கட்டையைப் போட்டு, பூவாயியின் கையை அதன்மேல் கட்டினார்கள். ராஜாவே முகத்தைத் திருப்பிக்கொண்டான். அந்த நேரம் பார்த்து ஒரு பல்லக்கு உள்ளே வந்தது. பின்னாலேயே ராணி செண்பகத்தம்மை நகைப்பெட்டியோடு வந்தாள்.

"எங்கே கிளம்பிட்டே?" என்று பதறினான் ராஜா.

"அப்பா வீட்டுக்கு. மந்திரியார்தான் பல்லக்கு அனுப்பினார்."

"என்னய்யா இது?" என்று மந்திரி பக்கம் திரும்பினான் ராஜா.

"நேத்துப் போட்ட ஆணைதான் மகாராஜா" என்றார் மந்திரி. "உங்க கல்யாணம் அக்கரையில நடந்தது. நீங்க ரெண்டு பேரும் புருஷன் பெண்டாட்டின்னு முத்திரை வெச்சவர் அந்த ராஜா. இந்த வில்லையில இருக்கிறதும் அதே முத்திரைதான். அது இங்கே செல்லாதுன்னா, அடுத்த நாட்டு இளவரசியை இத்தனை காலம் அந்தப்புரத்தில வெச்சிருந்தது பெரிய குத்தம். அப்புறம் உங்க கையைப் பத்தியும் பேச வேண்டிவரும்."

"கல்யாணம் வேற, கத்தி வேற!" என்று குதித்தார் மாறப்பர்.

"கத்திக்காவது உறை இருக்கு தளபதியாரே, உங்க நாக்குக்கு அதுவும் இல்லையே" என்றாள் ராணி.

ராஜா தலையைச் சொறிந்தான். "அவளை அவிழ்த்துவிடுங்க. இன்னையிலிருந்து அக்கரை வில்லை இங்கேயும் செல்லும். நம்ம வில்லை அங்கே செல்லும்படி மாமனாருக்கு ஆள் அனுப்புங்க." தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரி கழுத்தில் போட்டான்.

கத்தியைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதை வாங்கியதும் பூவாயி ஓவென்று அழுதாள்.

"கைதான் தப்பிச்சிருச்சே, ஏம்மா அழறே?" என்று கேட்டான் ராஜா.

"போன வருஷம் உங்க சட்டத்துக்குப் பயந்து என் வீட்டுக்காரர் இந்தக் கத்தியைச் சாவடியில கொடுத்துட்டுப் போனார் சாமி. திரும்பிப் போறப்போ வாங்கிக்கச் சொன்னாங்க. நான்தான் வந்து வாங்கினேன். வழிப்பறிக்காரங்க வெட்டிப்போட்ட அவரைக் காட்டுலேர்ந்து துணியில அள்ளிக்கிட்டுப் போனோம்."

ராஜாவின் முகம் கறுத்துவிட்டது. "மாறப்பரே, உடைவாளைக் கழற்றி வையும். இப்பவே வெறுங்கையோட, தனியா அந்தக் காட்டைத் தாண்டிப் போம்!"

மாறப்பர் உடைவாளைக் கழற்றினார். நல்லா வேணும் என்று எல்லோருக்கும் உள்ளுக்குள் சந்தோஷம். நான் அங்கே இருந்திருந்தால் கைதட்டியே இருப்பேன்.

பூவாயிதான் தடுத்தாள். "வேண்டாம் சாமி. அவர் வீட்டுலயும் ஒருத்தி வாசலைப் பார்த்துக்கிட்டு இருப்பா."

சொல்லிவிட்டு மிளகு மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். போன வருஷமே இந்த யோசனையைச் சொல்லாமல் விட்ட மந்திரி, முத்துமாலையைச் சத்தமில்லாமல் கழற்றிக் கீழே வைத்தார்.