பதினோரு பேரும் சொன்னது

என் முதல் வேலையில் பக்கத்து மேசைக்காரர் சொன்ன கதை இது. நான் நேரில் பார்க்கவில்லை. பேச்சில் ஓரிரு சொல் மாறியிருக்கலாம்.

அற்புதராஜுக்கு நாற்பத்துநான்கு வயது. பிரசவ வார்டுக்கு ஒரு மென்பொருள் எழுதியிருந்தார். தாயின் ரத்த அழுத்தத்தை நர்ஸ் பதிவார். அது கூடினால் டாக்டரின் போன் அடிக்கும். ஒரு மருத்துவமனையில் இரண்டு வாரமாக ஓடுகிறது. மறுநாள் இன்னும் ஒன்பது மருத்துவமனைகளுக்குப் போகவேண்டும். போகாவிட்டால் அவர் வேலை நிலைக்காது.

கையெழுத்துப் போடவேண்டியவர் செந்தாமரை. மனிதர்கள் மென்பொருளை எப்படிக் கையாளுகிறார்கள் என்று பார்ப்பது அவர் தொழில். பன்னிரண்டு வயது இளையவரானாலும் அற்புதராஜ் அவரிடம்தான் அந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டிருந்தார்.

"பதினோரு நர்ஸ்கிட்ட கேட்டுட்டேன் மேடம். பதினோரு பேரும் நல்லா இருக்குன்னுட்டாங்க. போட்டுருங்க."

"சாப்பிட்டுட்டுப் பேசலாம்ணே."

"பசியில்ல."

"எனக்குப் பசிக்குது."

மருத்துவமனைக்கு எதிரே பாக்கியம் அக்கா மெஸ். அற்புதராஜ் மணியைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டார்.

"கூட்டு எப்படி சார்?" என்றார் அக்கா.

"பிரமாதம்க்கா!"

"இன்னொரு கரண்டி?"

"ஐயோ, வயிறு நிறைஞ்சிருச்சு."

அக்கா நகர்ந்ததும் இலையை மூடப்போனார். செந்தாமரை அதன்மேல் கை வைத்தார். அப்பளத்துக்கு அடியில் கூட்டு அப்படியே இருந்தது.

"என்னண்ணே இது?"

"உப்பு கரிக்குது மேடம். அவங்க முகத்தப் பாத்து எப்படிச் சொல்றது?" என்று கிசுகிசுத்தார்.

செந்தாமரை கையை எடுத்துக்கொண்டார்.

அற்புதராஜ் இலையை மூடவில்லை. கையைக் கழுவிவிட்டு நேராக வார்டுக்கு ஓடினார். இந்த முறை யாரையும் எதுவும் கேட்கவில்லை. மூலையில் நின்றார்.

ஒரு நர்ஸ் மணிக்கட்டில் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டியிருந்தார். ஒவ்வொரு கட்டிலாகப் போய் ரத்த அழுத்தம் அளந்து, எண்ணைப் பேனாவால் அதில் எழுதினார். கணினித் திரை இருட்டாகவே கிடந்தது. ஒன்றரை மணிக்கு, டூட்டி முடியும் நேரத்தில்தான், உட்கார்ந்து எல்லாவற்றையும் ஏற்றினார். எட்டுப் பக்கம் தாண்டினால்தான் அழுத்தம் போடும் கட்டமே வந்தது. முதல் எண் காலை எட்டு மணிக்கு எடுத்தது.

மூச்சிரைக்கச் செந்தாமரையிடம் திரும்பி வந்தார்.

"டாக்டருக்குப் போன் போறதுக்குள்ள அஞ்சரை மணி நேரம் ஆயிடுது மேடம்! பதினோரு பேர்ல ஒருத்தர்கூட ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"வயிறு நிறைஞ்சிருக்கும்ணே."

அற்புதராஜ் போனில் மேலதிகாரியைக் கூப்பிட்டு, "நாளைக்கு இல்ல சார்" என்றார்.

போன மாதம் அந்த மெஸ்ஸைத் தேடிப் போய்ச் சாப்பிட்டேன். கூட்டில் நிஜமாகவே உப்பு அதிகம். எப்படி இருக்கு என்று பாக்கியம் அக்கா கேட்டார். பிரமாதம் என்றுதான் சொன்னேன்.