நாளைக்கே பால் காய்ச்சுகிறேன்

மருதங்கோட்டை ராஜா வீரபாகு நல்ல சட்டம் ஒன்று போட்டிருந்தார். வீட்டுக்காரர் நினைத்தபோதெல்லாம் குடியிருப்பவரைக் கிளப்ப முடியாது. தன் சொந்தப் பிள்ளைகள் குடிவரவேண்டும் என்றால் மட்டும் காலி செய்யச் சொல்லலாம். அந்த ஒரு சந்துக்குள் புகுந்து வரப் பார்த்தார் அம்பலவாணர். தெருவில் பாதி வீடு அவருடையது, மனுஷருக்கு ஆசை மட்டும் அடங்கவில்லை.

அவர் வீடொன்றில் பூக்கட்டிப் பிழைக்கும் செம்பாயி இருந்தாள். மகளுக்குப் பிரசவமாகி ஒரு வாரம்கூட ஆகவில்லை. பச்சை உடம்புக்காரியையும் குழந்தையையும் இந்த ஆடிக் காற்றில் எங்கே கொண்டுபோவேன் என்று சபையில் நின்று அழுதாள், பாவம்.

அம்பலவாணரோ குழைந்து குழைந்து பேசினார். மகனுக்கு வைகாசியில்தான் கல்யாணமாயிற்றாம், சின்னஞ்சிறுசுகள் தனியாக இருக்க ஆசைப்படுகிறார்களாம். சட்டப்படி சரிதானே என்று ராஜாவும் தலையைச் சொறிந்தார்.

அப்போதுதான் சாத்தையன் சபைக்குள் வந்தான். ராஜாவின் விகடகவி. தலையெல்லாம் ஓட்டுத்தூசி. தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு வழக்கு முழுவதையும் கேட்டுக்கொண்டான். பிறகு அம்பலவாணர் பக்கம் திரும்பி, மகனுக்குத் தனிவீடு கொடுக்கும் தகப்பன் ஊரில் எத்தனை பேர் என்று புகழ்ந்தான். அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"மகனும் மருமகளும் எப்போது பால் காய்ச்சுகிறார்கள்?" என்றான்.

"இவள் இன்று காலி செய்யட்டும். ஜோடியாக நிற்கவைத்து நாளைக்கே பால் காய்ச்சுகிறேன்."

சபையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அம்பலவாணருக்கு ஏன் என்று புரியவில்லை.

"ஐயா, இது ஆடி மாதம்," என்றான் சாத்தையன். "ஆடியில் யாராவது வீடு மாறுவார்களா? அதுவும் புது ஜோடி. போன வாரம்தான் உங்கள் சம்பந்தி வந்து பெண்ணை ஆடிக்கு அழைத்துப் போனார். வண்டியில் பலகாரக் கூடையை ஏற்றிவிட்டதே நான்தான். ஆடியும் தெரியாமல் ஆவணியும் தெரியாமல் நாளைக்கே குடிவரத் துடிப்பவர் இந்த ஊரில் ஒருவர்தான். சத்திரத்தில் தங்கியிருக்கும் அரபுக் குதிரை வியாபாரி. உங்களுக்கு எப்படி மகனானார்?"

வியாபாரி தருவதாகச் சொன்ன இரண்டு பங்கு வாடகைக்கு ஆசைப்பட்டதை அம்பலவாணர் ஒப்புக்கொண்டார். செம்பாயி விரும்பும் வரை அதே வாடகையில் அங்கேயே இருக்கலாம் என்று ராஜா தீர்ப்புச் சொன்னார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளிடம் சொல்ல ஓடினாள்.

ராஜாவுக்கு ஒரே சந்தோஷம். என்ன பரிசு வேண்டும் என்று கேட்டார்.

"பரிசு வேண்டாம் மகாராஜா. நானும் வாடகை வீட்டில்தான் இருக்கிறேன். நேற்றுக் காற்றில் ஓடு பறந்துவிட்டது. காலையிலிருந்து நானே கூரையேறி அடுக்கிக்கொண்டிருந்தேன். போன வருஷமும் இதே கதைதான். எத்தனை தடவை சொன்னாலும் வீட்டுக்காரர் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை."

ராஜா மீசையை முறுக்கினார். "யார் அந்த வீட்டுக்காரன்? இப்போதே இழுத்து வரச் சொல்கிறேன்."

"இழுத்து வரவேண்டாம் மகாராஜா. சிம்மாசனத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். பொழுது சாய்வதற்குள் சாத்தையன் வீட்டுக் கூரையில் அரண்மனைக் கொத்தர்கள் ஏறியிருந்தார்கள்.